கணுக்கால் அளவு

யுகேந்திரனுக்கு எதையும் உள்ள அளவில் சொல்ல வராது. நூறு டிகிரி காய்ச்சல் அவர் வாயில் நூற்றுமூன்று ஆகும். கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தால் நானூறு பேர் வந்தார்கள், அதில் பாதிப் பேருக்கு உட்கார நாற்காலி இல்லை. பல் பிடுங்கிக்கொண்டு வந்தால், "டாக்டரே ஆடிப்போயிட்டாரு" என்றுதான் கதை ஆரம்பிக்கும். பொய் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் கிடையாது. உண்மை அவருக்குள்ளே ஒல்லியாகத்தான் இருக்கும். வெளியே வருவதற்குள் நாலு வேளை சாப்பிட்டுவிடும், அவ்வளவுதான். அவர் மனைவி சுகன்யா கல்யாணமான புதிதிலேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியைக் காதில் வாங்கிக்கொள்வாள். குடும்பம் சண்டை சச்சரவில்லாமல் ஓடியது.

யுகேந்திரன், சுகன்யா என்றெல்லாம் தாத்தா பாட்டிகளுக்குப் பெயர் இருக்கும் காலத்தில் நடக்கிற கதை இது. ஆகவே கொஞ்சம் எதிர்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுக் கம்பெனியில் மண்டல மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற யுகேந்திரன், மறுவாரமே சிகரம் டவர்ஸ் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஆனார். போட்டி இல்லை. அந்தப் பதவிக்கு யாரும் போட்டி போடுவதில்லை. ஆனால் அவர் 'ஏகமனதாக' என்று சொல்லிக்கொண்டார். கட்டடத்தின் கடைசி மாடியில் வீடு. கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதற்குள் கேடயங்கள், பிரமுகர்கள் பக்கத்தில் நின்று எடுத்த படங்கள், மடித்து அடுக்கிய பொன்னாடைகள். பொன்னாடையைப் போர்த்திக்கொள்ளவும் முடியாது, துவட்டிக்கொள்ளவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் மனசு வராது. அலமாரி நிறைந்து இன்னொரு அலமாரியும் வந்தது.

சிகரம் டவர்ஸ் இருக்கும் சிகரம் நகர் என்ற பெயரைக் கேட்டு மலை என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையில் மேடு என்பது தென்னைமரத்தில் பாதி உயரம். கீழே இருப்பது ஏரிப்பள்ளம். வெயில் காலத்தில் இந்த வித்தியாசம் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு மட்டும் தெரியும். மழைக்காலத்தில் எல்லோருக்கும் தெரியும். மேட்டில் பெய்ததெல்லாம் ஒரு மணி நேரத்தில் பள்ளத்துக்கு வந்துவிடும்.

இதற்குத்தான் அந்தச் சட்டம் வந்தது. மேட்டில் இருக்கிற ஒவ்வொரு மொட்டைமாடியும் ஒரு குட்டி ஏரி. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஒரு சின்ன மதகு. தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க ஒரு கம்பத்தின் மேல் கோலிகுண்டு அளவு கண். பெய்கிற மழையை மாடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, பள்ளத்துக் கால்வாய் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு மட்டும், மாடிக்கு மாடி முறை வைத்துக் கசியவிடுவார்கள். ஊர் முழுவதும் எந்த மதகு எப்போது திறப்பது என்று தீர்மானிக்க ஒரு கம்ப்யூட்டர் மூளை. அதற்கு அரசாணையில் 'ஒருங்கிணைந்த மாடிநீர்த் தேக்க மேலாண்மை முறைமை' என்று பெயர். பெண் குரலில் போனில் பேசியதால் ஜனங்கள் அதற்கு மாடியம்மா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த கையோடு திட்டவும் ஆரம்பித்தார்கள். துணி காயப்போட முடியவில்லை, கடைசி மாடி வீட்டுக் கூரை வியர்க்கிறது, வாக்கிங் போக இடமில்லை, பள்ளத்துக்காரனுக்காக நான் ஏன் தலையில் தண்ணீர்க் குடம் வைத்துக்கொண்டு தூங்கவேண்டும்.

நியாயமான கேள்விதான். இப்படிக் கேட்டவர்களில் யுகேந்திரனின் குரல் பெரியது.

ஆயுத பூஜை அன்றைக்கு சிகரம் டவர்ஸ் மாடியில் ஷாமியானா, வாழைக்கன்று, மைக். எதிர்க் கட்டடத்திலும் மைக். அங்கே செயலாளர் டாக்டர் சண்முகப்பிரியன். எந்தப் பல்கலைக்கழகத்து டாக்டர் என்று கேட்டால் கடல் இருக்கும் திசையில் கையைக் காட்டுவார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஸ்பீக்கர்கள்தான் பேசிக்கொள்ளும்.

"கங்கையைச் சடையில் தாங்கிய ஈசனைப் போல," என்று யுகேந்திரன் மைக்கில் முழங்கினார், "இந்த நகரத்தின் வெள்ளத்தை நம் தலைமேல் தாங்கி நிற்கிறோம்."

"அவரு சடையில தாங்கிட்டு, எறக்கி விடுங்கன்னு மறுநாளே மனு போடல," என்றாள் சுகன்யா, பக்கத்தில் சுண்டல் கிளறிக்கொண்டிருந்தவளிடம்.

பேச்சு முடிந்ததும் யுகேந்திரன் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினார். லிஃப்ட் மோட்டார், தண்ணீர் பம்பு, இன்வெர்ட்டர், ஏணி, மதகு என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, கடைசியில் கம்பத்துக்கு வந்தார். அங்கே நறுமுகை நின்றுகொண்டிருந்தாள். மாடிநீர் வாரியத்து இன்ஜினீயர், முப்பது வயது இருக்கும். மழைக்கு முந்திய பரிசோதனைக்கு வந்தவளைக் கையில் பொரிப் பொட்டலம் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"சார், மதகுக்கு வைங்க, பைப்புக்கு வைங்க, வேணும்னா எனக்கும் வைங்க. கண்ணுல மட்டும் வேணாம்."

"ஏம்மா, இருக்கிறதிலேயே முக்கியமான கருவி அதுதான். அத விட்டுட்டு ஏணிக்குப் பொட்டு வெச்சா பூஜையா அது?"

"நீங்க மட்டும் இல்ல சார். இன்னிக்கு ஊர் பூரா இதே கதை. சாயங்காலத்துக்குள்ள மாடியம்மாவுக்கு ஒரு மாடியும் தெரியாது. நாங்கதான் துணி எடுத்துக்கிட்டு ஏறி ஏறித் துடைக்கணும்."

"தெரியலன்னா போன் பண்ணிக் கேக்கட்டும். போன வருஷமும் கேட்டுச்சு, நான் சொன்னேன். நான் இருக்கேன் இல்ல?"

நறுமுகை சுகன்யாவைப் பார்த்தாள். சுகன்யா சுண்டலைப் பார்த்தாள்.

போன வருஷம் மாடியம்மா கேட்டபோது மாடியில் இருந்தது கணுக்கால் அளவு. அன்று மாலை மாடியில் சங்கத்தின் ஆண்டுவிழா. யுகேந்திரன் "இடுப்பு" என்றார். மதகு திறந்தது, மாடி காய்ந்தது, விழா சிறப்பாக நடந்தது. சண்முகப்பிரியன் "மார்பு" என்று சொன்னதாகக் கேள்வி. தெருவில் எல்லோரும் தத்தம் தகுதிக்கு ஏற்ப ஓர் உறுப்பைச் சொன்னார்கள். ஏரிப்பள்ளத்தில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று மேட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் அது அடுத்த கட்டடத்துக்காரனால் என்று தோன்றியது.

"கட்டடம் தாங்குமாம்மா?" என்று கேட்டாள் சுகன்யா. "அதாவது, நெஜமாவே அதிகமா நின்னா?"

"இடுப்பு வரைக்கும் தாங்கும்மா, அப்படித்தான் கட்டியிருக்கு. முழங்கால்ல செவப்புக் கோடு போட்டிருக்கோமே, அது கட்டடத்துக்கு இல்ல. அதுக்கு மேல போனா தண்ணி வாசப்படி தாண்டி உங்க வீட்டுக்குள்ள எறங்கிடும். கட்டடம் இடுப்பு வரைக்கும் பொறுத்துக்கும். ஆளுங்க முழங்கால் வரைக்கும்தான்."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யுகேந்திரன் கட்டைவிரலால் சந்தனத்தை வழித்து அந்தக் கோலிக்கண்ணின் மேல் அப்பினார். அதன் மேல் குங்குமம். கண் மூடிக்கொண்டது.

பூஜைப் பொரி நமுத்துப்போவதற்குள் புயல் வந்தது.

காலையில் ஆரம்பித்த மழை பத்து மணிக்குப் பெய்வதை விட்டுவிட்டுக் கொட்ட ஆரம்பித்தது. யுகேந்திரன் கூடத்தில் உட்கார்ந்து, குடியிருப்போர் குழுவுக்கு 'வரலாறு காணாத பெருமழை: செயலாளரின் அறிவுரைகள்' என்ற தலைப்பில் செய்தி தயாரித்துக்கொண்டிருந்தார். மகள் மகிழினி போன் செய்தாள்.

மகிழினி குழந்தை மருத்துவர். ஏரிப்பள்ளத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் பிரிவு அவள் பொறுப்பு. 'உலகத் தரம்' என்று யுகேந்திரன் எல்லோரிடமும் சொல்வார். உண்மையில் அது ஒரு ஹால், வரிசையாக இன்குபேட்டர்கள், பின்புறம் ஒரு ஜெனரேட்டர்.

"அப்பா, அங்க எப்படி இருக்கு?"

"ஏம்மா கேக்குற, பிரளயம். கடல் எழுந்து நிக்குது."

"அப்பா." அவளும் சுகன்யாவின் மகள்தான். "நெஜமா சொல்லுங்க. மாடியில எவ்வளவு நிக்குது?"

அவர் இன்னும் மாடி ஏறவில்லை. "ஏன், என்ன விஷயம்?"

"இங்க கரண்ட் போயி ரெண்டு மணி நேரமாச்சு. ஜெனரேட்டர்லதான் ஓடுது. வாசப்படி வரைக்கும் தண்ணி. ஜெனரேட்டர் மேடைக்கு இன்னும் ஒரு சாண்தான் இருக்கு. அது நின்னா பெட்டிக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்குச் சூடு நிக்கும், மூச்சுக்காத்து நிக்கும்."

"வேற ஆஸ்பத்திரிக்கு..."

"ரோடு எங்கப்பா இருக்கு? படகு கேட்டிருக்கோம். சாயங்காலம் ஆகும்னாங்க. அதுவரைக்கும் மேல இருந்து தண்ணி வராம இருந்தா போதும். பெய்யற மழைய நாங்க பாத்துக்கறோம், பம்பு இருக்கு. மேட்டுத் தண்ணியும் சேந்து வந்தா முடியாது." பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வெச்சுடறேன்பா."

யுகேந்திரன் அரைக்கால் டிராயரோடு குடையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். குடை கதவைத் தாண்டியதும் மலர்ந்து திரும்பிக்கொண்டது. அதைப் போட்டுவிட்டு இறங்கினார். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. சிவப்புக் கோட்டைத் தேடினார். தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டு நின்றது. முழங்கால். சரியாக முழங்கால். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கூட்டிச் சொல்லத் தேவையில்லாத ஓர் அளவு கண்ணெதிரே நின்றது.

போன் அடித்தது.

"வணக்கம், சிகரம் டவர்ஸ். மாடிநீர் வாரியத்திலிருந்து பேசுகிறேன்," என்றாள் மாடியம்மா. எந்த மழையிலும் அவள் குரல் நனைவதில்லை. "உங்கள் மாடியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். முழங்கால் அல்லது அதற்கு மேல் என்றால் உங்கள் மதகு உடனே திறக்கும்."

யுகேந்திரனின் நாக்கு பழக்கதோஷத்தில் இடுப்பை நோக்கிக் கிளம்பியது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"சொல்வதற்கு முன் ஒரு செய்தி. உங்கள் மதகின் தண்ணீர் ஏரிப்பள்ளத்துக்குப் போகிறது. அங்கே பச்சிளங்குழந்தைகள் இருக்கும் மருத்துவமனையின் வாசற்படி வரை இப்போது தண்ணீர் நிற்கிறது. இனி உங்கள் அளவைச் சொல்லுங்கள்."

கம்பத்தின் உச்சியை நிமிர்ந்து பார்த்தார். மழையில் அந்தக் கண்ணும் தெரியவில்லை, தான் அப்பிய சந்தனமும் தெரியவில்லை. அது குருடு, தான் சொல்வதுதான் அதற்கு வேதம் என்று அவருக்குத் தோன்றியது.

"கணுக்கால்," என்றார்.

"கணுக்கால் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

"அட, எடுத்துக்கோம்மா. கணுக்கால்தான்."

"நன்றி. மதகு மூடியே இருக்கும்."

அவர் போனை நனையாமல் கைக்குள் பொத்திக்கொண்டார். தான் சொன்னது தன் காதுக்கே விநோதமாக இருந்தது. ஒரு பொருளை அதன் அளவுக்குக் கீழே சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. மேடையேறிவிட்டு மைக் பிடிக்காமல் இறங்கிய மாதிரி இருந்தது.

மழை விடவில்லை. கோடு தண்ணீருக்குள் போனது. மாடிக்கதவின் உயரப் படியைத் தாண்டி மெல்லிய கண்ணாடித் தகடு மாதிரி தண்ணீர் உள்ளே வழிய ஆரம்பித்தது. முதல் படி, இரண்டாவது படி, அதற்குக் கீழே அவர் வீட்டு வாசல். வீட்டில் கூரையிலிருந்து எங்கே சொட்டுகிறது என்று அவர் ஒரு நிமிஷம் நினைத்துப்பார்த்தார். கண்ணாடி அலமாரிக்கு மேலேதான் எப்போதும் வியர்க்கும்.

மறுபடி போன். மறுபடி அதே கேள்வி, அதே செய்தி. தண்ணீர் தொடையில் இருந்தது. "கணுக்கால்," என்றார். பல் கிட்டியது.

பிறகு சுகன்யாவைக் கூப்பிட்டார். "சுகு, கூரை ஒழுகுதா?"

"ஏன், மேல எவ்வளவு நிக்குது?"

"கொஞ்சம்தான். ஒண்ணும் பெருசா இல்ல. நீ பாட்டுக்கு இரு."

போனை வைத்துவிட்டு சுகன்யா ஒரு கணம்கூட உட்காரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து 'கொஞ்சம்' என்ற சொல் வந்து அவள் கேட்டதில்லை. குளிர் கொஞ்சம் என்றதில்லை, பசி கொஞ்சம் என்றதில்லை. கழிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படியில் எதிரே இறங்கி வருகிற தண்ணீரில் ஏறி ஓடினாள்.

மாடிக்கதவருகே நின்று பார்த்தாள். தொடையளவு தண்ணீரில், தலையெல்லாம் ஒட்டிப்போய், மாலையும் மைக்கும் இல்லாத யுகேந்திரன், போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கணுக்கால்தாம்மா. ஆமா, நானே பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"என்னங்க இது?"

"மகி கூப்பிட்டா. ஆஸ்பத்திரி வாசல்ல தண்ணி," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

சுகன்யா படியைப் பார்த்தாள். "இப்படி வழிஞ்சு எறங்கினா ரோட்டுக்குத்தானே போகும்? அங்கிருந்து பள்ளத்துக்குத்தானே போகும்? நீங்க இங்க நின்னு மதக மூடி என்ன பிரயோஜனம்?"

"அடைக்கணும். கதவுக்குக் கீழ எதையாவது அடைக்கணும். சாக்கு இருக்கா?"

"சாக்குக்கு எங்க போறது? இருங்க."

அவள் கீழே போய்த் திரும்பி வந்தபோது கை நிறைய ஜரிகை மின்னியது. பச்சை, ஊதா, கத்தரிப்பூ நிறம். சுழற்சங்கம், முத்தமிழ் மன்றம், காப்பீட்டு முகவர் மாநாடு. யுகேந்திரன் கையை நீட்டாமல் பார்த்தார்.

"அதெல்லாமா?"

"அலமாரி ஏற்கெனவே நனைஞ்சு போச்சு. மேல லைட்டு வழியா ஊத்துது. கேடயமெல்லாம் மெதக்குது." கொஞ்சம் நிறுத்தி, "உங்க படமெல்லாம்கூட," என்றாள்.

அவர் முதல் பொன்னாடையை வாங்கி முறுக்கிப் படியோரம் திணித்தார். பொன்னாடைக்கு ஒரு குணம் இருக்கிறது. அது தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் துவட்ட உதவாது. அதனாலேயே அணைக்கு உதவியது. ஒவ்வொன்றாக முறுக்கி அடைக்க அடைக்கக் கதவுக்குக் கீழே ஒரு வண்ணக் கரை எழுந்தது. வழிந்தது கசிவாகி, கசிவு நின்றது. அவற்றை அவருக்குப் போர்த்தியவர்கள் இவ்வளவு உறுதியாகப் போர்த்தியிருக்கவில்லை.

குடியிருப்போர் குழுவில் யாரோ கேட்டார்கள்: சார், மாடியில் தண்ணீர் நிலவரம்? அவர் ஈரக் கையால் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பினார். எப்போதும் அரைப்பக்கம் எழுதுகிறவரிடமிருந்து ஒற்றைச் சொல் வந்ததைப் பார்த்து, அவர் போனை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு.

அடுத்த முறை போன் அடித்தபோது அவர் இரண்டு கையாலும் பொன்னாடைக் கரையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். சுகன்யா வாங்கினாள். செய்தியை முழுக்கக் கேட்டாள். தண்ணீர் இடுப்புக்கு நாலு விரல் கீழே இருந்தது.

"கணுக்கால்," என்றாள்.

"பேசுவது யார் என்று தெரிந்துகொள்ளலாமா?"

"செயலாளர் சம்சாரம். அவரு சொன்னா என்ன, நான் சொன்னா என்ன. கணுக்கால்தான்."

நாலு மணி வாக்கில் மழையின் குரல் மாறியது. ஐந்து மணிக்குத் தூறலாயிற்று. மகிழினி கூப்பிட்டாள். "படகு வந்துடுச்சுப்பா. எல்லாப் பிள்ளைங்களையும் ஏத்தியாச்சு. ஜெனரேட்டர் மேடைய தொட்டுட்டு நின்னுச்சுப்பா, ஏறவே இல்ல. ஏன் நின்னுச்சுன்னே தெரியல. அங்க மழை விட்டுடுச்சா?"

"இங்கயா? இங்க அவ்வளவா இல்ல."

"மாடியில?"

யுகேந்திரன் கீழே குனிந்து பார்த்தார். "கணுக்கால் அளவு."

"சரிப்பா. அம்மாவ மாத்திரை போடச் சொல்லுங்க." அவளும் தன் வழக்கப்படி பாதியைக் கழித்துக்கொண்டாள். மாடி காய்ந்திருக்கிறது என்று நினைத்துப் போனை வைத்தாள்.

வெயில் வந்தபின் நறுமுகை வந்தாள். மாடியில் தண்ணீர் மதகு வழியாக மெல்ல வடிந்து வண்டல் காய்ந்திருந்தது. யுகேந்திரன் அவளைக் கம்பத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். இரண்டு நாளாக ஓர் உரை அவருக்குள் தயாராகிக்கொண்டிருந்தது. முழு உரை இல்லை, முன்னுரை மட்டும்.

"உங்க மாடியம்மாவுக்குக் கண்ணு தெரியாததால வந்த வினைய நான் எப்படிச் சமாளிச்சேன்னு தெரியுமா?"

நறுமுகை கண்ணைக் காட்டினாள். கோலிகுண்டு பளிச்சென்று இருந்தது. சந்தனத்தின் தடயம்கூட இல்லை. "தூறலுக்குப் போகாது சார், அதுக்குத்தான் நாங்க துணியோட அலையறது. அன்னிக்குப் பெஞ்ச மழைக்குச் சந்தனமா நிக்கும்? முதல் பத்து நிமிஷத்துல கழுவிடுச்சு. அது முழுக்கப் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"பாத்துக்கிட்டா? அப்ப என்கிட்ட ஏன் கேட்டுச்சு?"

"கண்ணு தெரியலன்னு உங்ககிட்ட சொல்லுச்சா?"

அவர் யோசித்துப் பார்த்தார். அது அப்படிச் சொல்லவில்லை.

"கோட்டுக்கு மேல தேக்கணும்னா வீட்டுக்காரங்க வாயால சம்மதம் சொல்லணும் சார். சட்டம். கண்ணு என்ன பாத்தாலும் நீங்க சொல்றதுதான் கணக்கு. போன வருஷம் கணுக்கால் தண்ணிய இடுப்புன்னீங்க. அதுக்கும் தெரியும், ஆனா திறந்துதான் ஆகணும், திறந்துச்சு."

யுகேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேராக் கேக்கலாமே. இப்படி இப்படி, கொஞ்சம் கூடுதலாப் புடிச்சு வெச்சுக்கறீங்களான்னு."

"அதுக்கு முந்தின வருஷம் நேராக் கேட்டோம் சார். எல்லாச் சங்கமும் கமிட்டி கூட்டித் தீர்மானம் போட்டு அனுப்பினாங்க. மழை விட்டு, சேறு காஞ்சதுக்கப்புறம் வந்து சேந்துச்சு." அவள் சிரிக்கவில்லை. "இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு மாத்தினோம். கேக்கறதுக்கு முன்னாடி கீழ என்ன நடக்குதுன்னு ஒரு வரி சொல்லச் சொன்னோம். எங்க ஆபீஸ்ல நாங்க யாரும் நம்பல. எல்லாரும் வழக்கம்போல இடுப்பும்பாங்க, அதுக்குத் தயாராத்தான் இருந்தோம். தொடைத் தண்ணில நின்னுக்கிட்டு ஒருத்தர் கணுக்கால்னு சொன்னா அவரு என்ன சொல்றாருன்னு அதுக்குப் புரியும் சார். திரும்ப ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கும், அவ்வளவுதான்."

யுகேந்திரன் நிமிர்ந்தார். முன்னுரைக்கு இதுதான் இடம். "என் மகள் அங்க டாக்டர். அதனால நான் உயிரக் குடுத்து..."

"அப்படியா சார்? நல்ல வேளை." நறுமுகை மதகைத் திருகிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க தெருவுல ரெண்டு மாடி தவிர மத்த எல்லாரும் கணுக்கால்னுதான் சொன்னாங்க. அவங்களுக்கு அங்க யாரும் இல்ல."

அவள் போனபின் யுகேந்திரன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவின் மாடிகளைப் பார்த்தார். முதலில் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, அதை மறைப்பானேன். தனியாளாக ஓர் ஊரைத் தாங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, தெருவே தோள் கொடுத்தது என்றால் மேடையில் இடம் போதாது. பிறகு அந்த ஏமாற்றம் மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. அவருக்குக் கீழே ஒரு மகள் இருந்தாள். இந்தத் தெருக்காரர்களுக்கு யார் இருந்தார்கள்? ஒரு குரல், ஒரு வரி. அதற்காகத் தத்தம் மாடியில் தொடையளவு தண்ணீரில் நின்றிருக்கிறார்கள். யாரும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சுகன்யா அலசிய பொன்னாடைகளைக் கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சாயம் ஒன்றோடொன்று கலந்து, எது எந்த மன்றம் என்று இனி சொல்ல முடியாது.

எதிர் மாடியில் டாக்டர் சண்முகப்பிரியன் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்துக் கொடியில் கறுப்பும் சிவப்புமாக ஒரு நீளமான பட்டமளிப்பு அங்கி சுருங்கிப்போய்த் தொங்கியது. அதன் பக்கத்தில் கிளிப் போட்டு ஒரு தொப்பி, குஞ்சலத்தோடு. ஒரு மெத்தை. ஒரு சோபாவின் மெத்தைகள் மட்டும். அவரும் கடைசி மாடிதான் என்பது அப்போதுதான் யுகேந்திரனுக்கு நினைவு வந்தது.

இருவரும் ஒருவர் சுவரிலிருப்பதை ஒருவர் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி திரும்புவதற்கும் நேரமாகிவிட்டது. ஸ்பீக்கர் இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"சார், உங்க மாடியில எவ்வளவு நின்னுச்சு?" என்று கேட்டார் சண்முகப்பிரியன்.

"கணுக்கால்தான். உங்களுக்கு?"

"அதேதான்," என்றார் டாக்டர். "கணுக்கால்தான்."

சுகன்யா காயப்போடுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் எதையும் கழிக்கவில்லை. இரண்டு கணுக்காலோடும், இருவரும் சொல்லாமல் விட்டதை அவளே கூட்டிப் பார்த்துக்கொண்டாள்.